வெட்டப்பட்ட ஆறுதல்: ரேமண்ட் கார்வரின் கதைகளும் அவற்றின் பிரதிகளும்

ரேமண்ட் கார்வர் என்ற பெயரைக் கேட்டதும் சிறுகதை வாசகர்களுக்கு நினைவு வருபவை சின்னச் சின்ன வாக்கியங்கள், பேச வாயெடுத்துப் பேச முடியாமல் நின்றுவிடும் மனிதர்கள், சட்டென்று அறுந்து நிற்கும் முடிவுகள். இந்தப் பெயரை அவருக்கு வாங்கிக் கொடுத்தது 1981 ஏப்ரலில் நியூயார்க்கின் க்னாஃப் பதிப்பகம் வெளியிட்ட ‘காதலைப் பற்றிப் பேசும்போது நாம் எதைப் பற்றிப் பேசுகிறோம்’ என்ற தொகுப்பு. அதில் 17 கதைகள். கார்வர் கொடுத்த கைப்பிரதியில் இருந்த சொற்களில் பாதிக்கு மேல் அச்சில் இல்லை. வெட்டியவர் பதிப்பாசிரியர் கார்டன் லிஷ். வெட்டுவதற்கு முந்தைய கதைகள் கார்வர் மறைந்து 21 ஆண்டுகளுக்குப் பிறகு, 2009இல், ‘தொடக்கநிலையாளர்கள்’ என்ற பெயரில் தனி நூலாக வந்தன. அன்று முதல் விமர்சகர்கள் இரு அணியாக நிற்கிறார்கள். லிஷ் செதுக்கியவரே உண்மையான கார்வர் என்கிறது ஓர் அணி. கைப்பிரதியில் இருப்பவரே உண்மையானவர் என்கிறது மற்றது. கார்வரே 1983இலும் 1988இலும் தம் கையால் தேர்ந்து, சில கதைகளை மீட்டும் சிலவற்றை அப்படியே விட்டும் கொடுத்த பிரதிகள் இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கின்றன. அவரை அவற்றின் வழியாகவே படிக்க வேண்டும் என்பது என் வாதம். அப்படிப் படித்தால் 1981இல் வெட்டுப்பட்டது பக்க அளவு மட்டும் இல்லை என்பது தெரியும். எளிய மனிதர்கள் ஒருவருக்கொருவர் ஆறுதல் சொல்லிக்கொள்ளும் திறனும் அந்தச் சொற்களோடு சேர்ந்து போனது.

இந்த வழக்கைப் புரிந்துகொள்ள அவருடைய வாழ்க்கை தேவைப்படுகிறது. 1938 மே 25 அன்று ஓரிகன் மாநிலத்தில், கொலம்பியா ஆற்றை ஒட்டிய கிளாட்ஸ்கனி என்ற சிற்றூரில் பிறந்தார். வளர்ந்தது வாஷிங்டன் மாநிலத்தின் யாக்கிமாவில். தந்தை ஆர்கன்சாவிலிருந்து பிழைப்புத் தேடி மேற்கே வந்து, மர அறுவை ஆலையில் ரம்பங்களுக்குக் கூர் தீட்டியவர்; குடிப்பழக்கம் உள்ளவர். தாய் உணவகங்களில் பரிமாறினார், கடைகளில் வேலை பார்த்தார். 1957இல் கார்வர் மேரியன் பர்க்கை மணந்தபோது அவருக்கு 19 வயது, மேரியனுக்கு 16. இருபத்தொரு வயது நிரம்புவதற்குள் இரண்டு குழந்தைகள். அதன்பின் கலிபோர்னியா ஊர்களில் மாறி மாறிக் குடியிருப்பு, கிடைத்த வேலை, விட்டுவிட்டுப் படிப்பு. சாக்ரமெண்டோவில் ஒரு மருத்துவமனையில் இரவுத் துப்புரவுப் பணியாளராக இருந்தார். கடன் மேல் கடன் ஏறி 1967இல் நீதிமன்றத்தில் திவால் அறிவிப்பு. ஏழாண்டு கழித்து மறுபடியும் ஒன்று. கார்வரின் கதைகளில் வரும் துணி வெளுக்கும் நிலையங்கள், தவணை கட்ட முடியாத கார்கள், வேலை போன கணவர்கள், உணவகத்தில் தட்டேந்தும் மனைவியர் எல்லாமே இங்கிருந்து வந்தவை. எழுத்துக்காக அவர் வறுமையைத் தேடிப் போகவில்லை. அதிலிருந்து வெளியேற வழி தெரியாமல் உள்ளேயே நின்று எழுதினார்.

அவர் ஏன் சிறுகதையைத் தேர்ந்தார் என்பதற்கும் விடை அங்கேயே இருக்கிறது. 1982இல் எழுதிய ‘நெருப்புகள்’ என்ற கட்டுரையில், தம் எழுத்தின்மீது விழுந்த மிகப் பெரிய செல்வாக்கு எந்த எழுத்தாளருடையதும் இல்லை, தம் இரு குழந்தைகளுடையது என்கிறார். அயோவா நகரில் ஒரு துணி வெளுக்கும் நிலையத்தில், உலர்த்தும் இயந்திரம் காலியாவதற்காகக் காத்து நின்ற ஒரு பிற்பகலை அதில் விவரிக்கிறார். நாளை என்ன ஆகும் என்று தெரியாதவனால் இரண்டு மூன்று ஆண்டு பிடிக்கும் நாவலைத் தொட முடியாது. உட்கார்ந்த இடத்தில் முடித்துவிடக்கூடியது எதுவோ அதைத்தான் எழுத முடியும். கதைகள் குறுகியதற்கு முதல் காரணம் இந்தக் கால நெருக்கடி. இரண்டாவது காரணம், சிகோ கல்லூரியில் 1959 வாக்கில் அவருக்குக் கிடைத்த ஆசிரியர் ஜான் கார்ட்னர். பின்னாளில் பெரிய நாவலாசிரியரான கார்ட்னர், அந்த இளைஞனின் பிரதியில் ஒவ்வொரு சொல்லையும் ஒவ்வொரு காற்புள்ளியையும் விவாதித்தார். எழுத அமைதியான இடமில்லை என்றறிந்து தம் அலுவலக அறையின் சாவியையும் கொடுத்தார். சொல்லை எண்ணி வைக்கும் பழக்கம் லிஷ்ஷுக்கு வெகு முன்பே கார்வரிடம் வந்துவிட்டது. சிக்கனம் லிஷ் தந்த கொடை என்பவர்கள் இந்த வரிசையை மறந்துவிடுகிறார்கள்.

லிஷ்ஷின் பங்கைக் குறைத்துச் சொல்வதும் நேர்மையாகாது. அறுபதுகளின் பிற்பகுதியில் இருவரும் பாலோ ஆல்டோவில் பாடநூல் நிறுவனங்களில் வேலை பார்த்தபோது பழகினார்கள். 1969இல் லிஷ் ‘எஸ்குவயர்’ இதழின் புனைகதைப் பதிப்பாசிரியரானார். 1971இல் கார்வரின் ‘அண்டை வீட்டார்’ கதையை அங்கே வெளியிட்டார். சிற்றிதழ்களில் மட்டுமே எழுதிவந்தவருக்குப் பெரும் விற்பனையுள்ள இதழின் கதவு திறந்தது. 1976இல் முதல் பெரிய தொகுப்பு வர வழி செய்தவரும் லிஷ்தான். அது மறு ஆண்டு தேசியப் புத்தக விருதுக்கான இறுதிப் பட்டியலில் இடம்பெற்றது. ஆனால் அந்த ஆண்டுகளில் கார்வர் குடியில் மூழ்கிக்கொண்டிருந்தார். குடிநோய்க்காக நான்கு முறை மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். குடும்பம் சிதைந்தது. 1977 ஜூன் 2 அன்று குடியை விட்டார். சாகும்வரை பிறகு தொடவில்லை. அதன்பின் கவிஞர் டெஸ் கேலகருடன் சேர்ந்து வாழத் தொடங்கினார். சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் பணி கிடைத்தது. 1980 வசந்தத்தில் அவர் லிஷ்ஷிடம் ஒப்படைத்த கைப்பிரதி இப்படி மீண்டு வந்த ஒருவருடையது.

லிஷ் அந்தப் பிரதியை இரண்டு சுற்றாக வெட்டினார். பல கதைகளின் பெயரை மாற்றினார், முடிவுகளை நீக்கினார், பாத்திரங்களின் பெயர்களையும் முன்கதைகளையும் எடுத்தார். 1980 ஜூலை 8 காலையில் கார்வர் அவருக்கு எழுதிய நீண்ட கடிதம் இன்று அச்சில் கிடைக்கிறது. இரவெல்லாம் தூங்காமல் இரு பிரதிகளையும் ஒப்பிட்டுப் பார்த்ததையும், மூலக் கதைகளைப் படித்த நண்பர்களுக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் தவிப்பதையும், இந்தக் கதைகள் தாம் உடல்நலம் தேறியதோடும் மறுபடி எழுத்தாளனாக உணர்ந்ததோடும் பிணைந்திருப்பதையும் சொல்லி, நூலை நிறுத்திவிடும்படி மன்றாடுகிறார். அதே கடிதத்தில் லிஷ்ஷுக்குத் தாம் பட்ட நன்றிக்கடனையும் திரும்பத் திரும்பச் சொல்கிறார். சில நாட்களில் இறங்கி வந்தார். நூல் பெரும்பாலும் லிஷ்ஷின் வடிவத்திலேயே வெளியானது, புகழ் குவிந்தது. அந்தக் கதைகளை எலும்பு வரை வெட்டியவர் தாமே என்பது போலப் பேட்டிகளில் பேசும் நிலை கார்வருக்கு ஏற்பட்டது. 1998இல் டி. டி. மேக்ஸ் என்ற பத்திரிகையாளர் இந்தியானா பல்கலைக்கழகத்தின் லில்லி நூலகத்தில் உள்ள லிஷ்ஷின் தாள்களைப் பார்த்து ‘நியூயார்க் டைம்ஸ்’ ஞாயிறு இதழில் எழுதிய பின்புதான் பொதுவாசகர்களுக்கு வெட்டின் அளவு தெரியவந்தது.

என்ன வெட்டப்பட்டது என்பதை ஒரு கதையை வைத்து விரிவாகப் பார்ப்போம். தாய் ஒருத்தி மகனின் பிறந்தநாளுக்கு அடுமனையில் கேக் சொல்லி வைக்கிறாள். பிறந்தநாளன்று பையன் கார் மோதி மருத்துவமனையில் நினைவிழந்து கிடக்கிறான். கேக்கை வாங்க யாரும் வராத ஆத்திரத்தில் அடுமனைக்காரர் அந்த வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்துக்கொண்டே இருக்கிறார். யார் பேசுகிறார்கள் என்று பெற்றோருக்குத் தெரியவில்லை. லிஷ் இக்கதையை மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகச் சுருக்கி ‘குளியல்’ என்று பெயரிட்டார். அதில் தாய் குளிக்க வீட்டுக்கு வருகிறாள், மணி அடிக்கிறது, மகனைப் பற்றியது என்கிறது ஒரு குரல். அவ்வளவுதான். பையன் பிழைத்தானா, பேசியது யார், எதுவும் தெரியாது. பயம் மட்டும் மிஞ்சுகிறது. கார்வர் எழுதிய நீண்ட வடிவத்தில் பையன் இறந்துவிடுகிறான். அழைப்பவர் யார் என்று திடீரென உறைக்க, பெற்றோர் நள்ளிரவில் அடுமனைக்குப் போகிறார்கள். அடிக்கவும் தயாராகப் போனவர்களிடம் விஷயத்தைக் கேட்ட அடுமனைக்காரர், நாற்காலிகளை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்கிறார், மன்னிப்புக் கேட்கிறார், பிள்ளையில்லாமல், பிறருடைய விழாக்களுக்கே நாளெல்லாம் மாவு பிசைந்து கழிந்த தம் காலத்தைச் சொல்கிறார், சூடான ரொட்டியைக் கொடுத்துச் சாப்பிடச் சொல்கிறார். விடியும்வரை மூவரும் பேசிக்கொண்டே சாப்பிடுகிறார்கள். ‘ஒரு சிறிய, நல்ல விஷயம்’ என்ற பெயரில் இந்த வடிவத்தைக் கார்வர் 1983இல் ‘கதீட்ரல்’ தொகுப்பில் சேர்த்தார். அதே ஆண்டு அதற்கு ஓ. ஹென்றி முதல் பரிசும் கிடைத்தது.

இரண்டாவது சான்று இதைவிடக் கூர்மையானது. ‘வீட்டுக்கு அருகே இவ்வளவு தண்ணீர்’ கதையில் நண்பர்கள் சிலர் மீன் பிடிக்க மலைப்பகுதிக்குப் போகிறார்கள். ஆற்றில் ஓர் இளம்பெண்ணின் பிணம் கிடக்கிறது. வந்த பயணத்தைக் கெடுத்துக்கொள்ள விரும்பாமல், பிணம் அடித்துப் போகாதபடி கயிற்றால் கட்டிவைத்துவிட்டு, அங்கேயே தங்கி மீன் பிடித்துக் குடித்துத் திரும்புகிறார்கள். அவர்களில் ஒருவனின் மனைவி கிளேர் இதை அறிந்ததும் கணவனோடு வாழ முடியாத அருவருப்புக்கு உள்ளாகிறாள். கதை சொல்பவள் அவளே. லிஷ்ஷின் சுருக்கத்தில் கிளேர் கடைசியில் கணவனுக்கு இணங்கிவிடுகிறாள். நீண்ட வடிவத்தில் தனியறையில் படுக்கிறாள், அவன் தொடுவதை மறுக்கிறாள், கடைசிப் பேச்சும் செத்துப்போன அந்தச் சின்னப் பெண்ணைப் பற்றியதாகவே இருக்கிறது. ஒரு பெண்ணின் மறுப்பு ஒரு பதிப்பாசிரியரின் பேனாவால் இணக்கமாக மாறிய இடம் இது. இதை நடைச் செம்மை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கதை எதைக் குற்றமாகக் காண்கிறது என்பதே இங்கு மாறிவிடுகிறது. கார்வர் 1983இல், முன்பு சொன்ன கட்டுரையின் பெயரையே கொண்ட ‘நெருப்புகள்’ நூலில் நீண்ட வடிவத்தை மீட்டார். 1988இலும் அதையே வைத்தார்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. கார்வரின் மூலப் பிரதிகள் உணர்ச்சியில் வழிகின்றன, லிஷ் வெட்டியது கண்ணீரைத்தான், கலை என்பது சொல்லாமல் விடுவதில் இருக்கிறது என்பார்கள். சில கதைகளில் இது உண்மை. தலைப்புக் கதையையே எடுத்துக்கொள்வோம். இரண்டு தம்பதிகள் ஒரு மேசையைச் சுற்றி ஜின் குடித்தபடி காதலைப் பற்றிப் பேசுகிறார்கள். மூலத்தில் இதய மருத்துவரின் பேச்சும், விபத்தில் சிக்கிய முதிய தம்பதியின் கதையும் வெகு நீளமாகப் போய், மருத்துவரின் மனைவி அழுதுகொண்டே அவரைப் பற்றித் தன் அச்சத்தைச் சொல்வதில் முடிவை நெருங்குகின்றன. லிஷ்ஷின் வடிவத்தில் வெளிச்சம் அடங்குகிறது, யாரும் எழவில்லை, நெஞ்சுத் துடிப்பு மட்டும் கேட்கிறது. லிஷ்ஷின் முடிவே மேலானது என்று நானும் கருதுகிறேன். ஆனால் இந்த அளவுகோலை அடுமனைக் கதைக்கு வைத்தால் பொருந்தாது. பையனின் சாவு, பெற்றோரின் வெறி, அடுமனைக்காரரின் முரட்டுத்தனம் ஆகிய மூன்றையும் முழுமையாகக் காட்டிய பிறகுதான் அங்கே ரொட்டி வருகிறது. அது யாருடைய துக்கத்தையும் தீர்ப்பதில்லை, பையனைத் திருப்பித் தருவதில்லை. உழைத்துப் பெறாத உணர்ச்சிதான் மிகையுணர்ச்சி. இங்கே ஒவ்வொரு சொல்லுக்கும் முன்பே விலை கொடுத்தாகிவிட்டது.

அடுத்து, எல்லா இலக்கியமும் பதிப்பாசிரியர் கைபட்டதுதானே என்று கேட்கலாம். தாமஸ் வுல்ஃபின் நாவல்களில் மேக்ஸ்வெல் பெர்கின்ஸ் பெரும் பகுதியை நீக்கச் செய்தார். டி. எஸ். எலியட்டின் ‘பாழ்நிலம்’ கவிதையை எஸ்ரா பவுண்ட் ஏறக்குறையப் பாதியாக்கினார்; எலியட் அதை ஏற்று, கவிதையைப் பவுண்டுக்கே காணிக்கையாக்கினார். வேறுபாடு அந்த ஏற்பில்தான் இருக்கிறது. கார்வர் நிறுத்தச் சொல்லிக் கேட்டார். அவரை இணங்கவைத்தவை பழைய நன்றிக்கடனும், குடியிலிருந்து மீண்டு மூன்றே ஆண்டான மனத்தின் நடுக்கமும், தமக்காகக் கதவு திறந்த ஒரே பெரிய பதிப்பாசிரியரை இழந்துவிடுவோமோ என்ற பயமும் என்றே அந்தக் கடிதத்தைப் படிப்பவருக்குத் தோன்றும். அடுத்த நூலின்போது அவர் லிஷ்ஷுக்கு முன்கூட்டியே எழுதி, இனி அப்படி ஒரு வெட்டுக்குத் தம்மால் உட்பட முடியாது என்று தெளிவாக்கினார். ‘கதீட்ரல்’ ஏறக்குறைய அவர் எழுதியபடியே வந்தது. அதன் தலைப்புக் கதையில், மனைவியின் பார்வையற்ற நண்பரை வெறுப்போடு வரவேற்கும் கணவன் இரவு முடிவதற்குள் அவருடைய கை தன் கைமேல் இருக்க, கண்ணை மூடிக்கொண்டு தேவாலயம் ஒன்றை வரைகிறான். முடிவு திறந்தே இருக்கிறது, ஆனால் அறுந்து தொங்கவில்லை. லிஷ் இல்லாமல் கார்வர் இல்லை என்பவர்கள் பதில் சொல்ல வேண்டிய நூல் இது.

அப்படியென்றால் 2009இன் ‘தொடக்கநிலையாளர்கள்’ நூலே இறுதிப் பிரதி என்று கொள்ளலாமே என்பது எதிர்த்தரப்பின் கேள்வி. அந்த நூலை அறிஞர்கள் வில்லியம் ஸ்டல், மொரீன் கேரல் இருவரும் கேலகரின் ஒத்துழைப்போடு லில்லி நூலகக் கைப்பிரதியிலிருந்து மீட்டெடுத்தார்கள். மதிக்கத்தக்க உழைப்பு அது. அது இல்லாவிட்டால் இன்று இதைப் பற்றிப் பேசவே ஆதாரம் இருக்காது. ஆனாலும் அது 1980இல் ஒப்படைத்த பிரதி. அதன்பின் எட்டாண்டு கார்வர் எழுதினார், திருத்தினார், மனம் மாறினார். கார்ட்னரின் மாணவர் எந்தக் கதையையும் ஒரே தடவையில் விட்டவர் அல்லர். இறப்பதற்குச் சில மாதங்கள் முன், 1988இல், ‘நான் அழைக்கும் இடத்திலிருந்து’ என்ற 37 கதைகள் கொண்ட தேர்ந்த தொகுப்பை வெளியிட்டார். அதில் ‘ஒரு சிறிய, நல்ல விஷயம்’, ‘வீட்டுக்கு அருகே இவ்வளவு தண்ணீர்’, ‘தொலைவு’ ஆகியவை நீண்ட வடிவில் இருக்கின்றன. காதல் பற்றிய தலைப்புக் கதையோ லிஷ்ஷின் வடிவிலேயே இருக்கிறது. வேறு சிலவும் அப்படியே. எது வெட்டால் கெட்டது, எது வெட்டால் தேறியது என்று ஆசிரியரே பிரித்துக் காட்டியதாகத்தான் இதைப் படிக்க முடிகிறது. இரு அணிகளும் கண்டுகொள்ளாத தீர்ப்பு இது.

நுரையீரல் புற்றுநோய் கண்ட மனிதரின் தேர்வைச் சுதந்திரமான தேர்வு என்று சொல்லலாமா, எல்லாவற்றையும் மீட்க அவருக்கு நேரமில்லாமல் போயிருக்கலாமே என்றும் கேட்பார்கள். இந்த ஐயத்தை நான் முழுவதும் தள்ளிவிடவில்லை. ஆனால் மீட்பு வேலையை அவர் நோய்க்கு முன்பே, 1982, 83 ஆண்டுகளிலேயே தொடங்கிவிட்டார். 1983இல் ஸ்ட்ராஸ் நிதியிலிருந்து ஆண்டுக்கு 35,000 டாலர் வீதம் ஐந்தாண்டுக்கு உதவி கிடைத்து, ஆசிரியர் பணியையும் விட்டிருந்தார். லிஷ்ஷின் பிடி அகன்றிருந்தது, புகழும் கையில் இருந்தது. மீட்க விரும்பியதை மீட்க வழியும் துணிவும் இருந்தவர் சிலவற்றை விட்டுவைத்தார் என்றால் அதற்கும் பொருள் உண்டு. 1981 பிரதியின் பின்னால் இருப்பது லிஷ்ஷின் விருப்பம். 2009 பிரதியின் பின்னால் இருப்பது 1980இன் கார்வர். 1988 பிரதியின் பின்னால்தான் தம் வேலை முழுவதையும் திரும்பிப் பார்த்த கார்வர் இருக்கிறார்.

இது ஆய்வாளர்களுக்குள் அடங்கிய சண்டை என்று ஒதுக்கிவிட முடியாததற்குக் காரணம், 1981 நூல் உண்டாக்கிய விளைவுகள். அந்த நூலை வைத்தே கார்வருக்கு மினிமலிஸ்ட் என்ற முத்திரை விழுந்தது. பார்வையும் சிறியது என்ற பொருள் அதில் தொனிப்பதாகச் சொல்லி அவர் அதை விரும்பாமலே இருந்தார். எண்பதுகளில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் எழுத்துப் பயிலரங்குகளில் அந்த நடை ஓர் இலக்கணமாகவே பரவியது. அதோடு சேர்ந்து ஒரு கருத்தும் பரவியது: உழைக்கும் மக்களுக்குத் தங்கள் துயரத்தைச் சொல்ல மொழி கிடையாது, அவர்களுடைய மௌனமே அவர்களுடைய உண்மை. படித்தவர்கள் ஏழைகளைப் பற்றி நம்ப விரும்பும் கருத்து இது. கலைநயத்தோடு வந்ததால் கேள்வியின்றி ஏற்கப்பட்டது. மர ஆலைத் தொழிலாளியின் மகன் எழுதியதில் அந்த மக்கள் திக்கித் திணறியாவது பேசுகிறார்கள். அடுமனைக்காரர் பேசுகிறார், கிளேர் பேசுகிறாள். ‘உனக்கு விருப்பமானால்’ என்ற கதையில் மனைவியின் நோய் திரும்பியதை அறிந்த முதியவர் முதலில் ஆத்திரப்பட்டாலும், மூலப் பிரதியில் கடைசியாகப் பிரார்த்தனைக்கு வந்து சேர்கிறார். லிஷ்ஷின் வடிவத்தில் அந்தப் பிரார்த்தனை இல்லை. பேச்சை எடுத்துவிட்டு, பேசத் தெரியாதவர்கள் என்று சொன்னது அந்த நூல்.

வெளிநாடுகளில் கார்வரைக் கொண்டு சேர்த்தவர்களில் முதன்மையானவர் ஹாருகி முரகாமி. 1984இல் அவரை நேரில் சந்தித்து, பிறகு அவருடைய படைப்புகளை முழுவதுமாக ஜப்பானிய மொழிக்குக் கொண்டுவந்தார். ராபர்ட் ஆல்ட்மன் 1993இல் ‘ஷார்ட் கட்ஸ்’ படத்தில் அவருடைய பல கதைகளைப் பின்னியபோது அடுமனைக் கதையை நீண்ட வடிவத்தின்படியே எடுத்தார். பையன் அதில் இறக்கிறான். கார்வர் தம் முன்னோடியாகக் கொண்டது யாரை என்பதற்கு 1987இல் ‘நியூயார்க்கர்’ வெளியிட்ட ‘ஏவல்’ என்ற கதையே சாட்சி. செகாவின் கடைசி இரவு அதன் பொருள். மருத்துவர் வரவழைத்த ஷாம்பெய்ன், அதைக் கொண்டுவந்த விடுதிப் பையன், மறுநாள் காலையில் அவனிடம் செகாவின் மனைவி ஒப்படைக்கும் வேலை என்று கதை வரலாற்றிலிருந்து கற்பனைக்குள் நகர்கிறது. இதுவும் அடக்கமான நடைதான், ஆனால் முடமான நடை அன்று. தமிழில் செகாவைப் படித்து வளர்ந்த வாசகர்களுக்கு இந்தக் கார்வரை இனம் காண அதிக நேரம் ஆகாது.

ஆகவே நடைமுறையில் ஒரு வேண்டுகோள். கார்வரைப் பாடத்தில் வைக்கும் ஆசிரியர்களும் மொழிபெயர்ப்பவர்களும் எந்தக் கதையை எடுத்தாலும் அது எந்த ஆண்டுப் பிரதி என்பதை முதல் பக்கத்திலேயே குறிப்பிட வேண்டும். ‘குளியல்’ கதையை மட்டும் வைப்பதைவிட அதையும் ‘ஒரு சிறிய, நல்ல விஷயம்’ கதையையும் அடுத்தடுத்து வைத்து, எந்த இடத்தில் பேனா விழுந்தது, அங்கே யார் பேச இருந்தார்கள் என்று மாணவர்களையே தேடச் சொல்ல வேண்டும். இரண்டு கதைகளும் அச்சில் கிடைக்கின்றன. ஒரு வகுப்பு நேரத்தில் இரண்டையும் படித்துவிடலாம்.